நான்காவது வரியில் ஒரு தலைக்கல்

அந்தப் புதன்கிழமை காலையில் கிராடுஸ் தன் மூக்குக்கண்ணாடியை மேஜை விரிப்பின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"விரிப்பை நேத்துதான் துவைச்சேன்" என்றேன்.

"அதனாலதான் துடைக்கிறேன். அழுக்கு விரிப்புல யாராவது கண்ணாடி துடைப்பாங்களா?"

ஐம்பத்தொரு வருடத்தில் அவனோடு வாதாடி நான் ஜெயித்தது ரொம்பக் குறைவு. அன்றும் ஜெயிக்கவில்லை. பால் சூடாக்க அடுப்பங்கரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கண்ணாடி விரிப்பின் மேல் இருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். டாக்டர் வந்து புதிதாகச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவன் கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பால்பண்ணையைப் பற்றியும் பேசினார்கள். எங்கள் வீட்டின் சாலைப் பக்கத்துச் சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது இல்லை. என் அண்ணன் வெஸ்ஸல் ஆறு வருடம் முன்பே போய்விட்டான். மிச்சம் நான்தான். அதனால் எழுதிவைக்கிறேன். இது சந்தோஷமான கதை. அழுதுகொண்டே படிக்க வேண்டாம் என்று என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

1948. உலகப் போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் அப்போது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கிடைப்பது சுலபம், கூரை கிடைப்பதுதான் கஷ்டம். வீட்டுக்காகக் காத்திருக்கும் ஜோடிகளின் பட்டியல் ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும். எனக்கும் கிராடுஸுக்கும் நிச்சயமாகி நான்கு வருடம். நான் தையல் கடையில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கல்யாண உடுப்பு தைத்துக் கொடுத்துவிட்டு, எனக்காகத் தைத்த படுக்கை விரிப்புகள் பெட்டிக்குள்ளேயே மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசந்தத்தில் எங்கள் பெயர் மேலே வந்தது. சாலையோரம் ஒரு துண்டு நிலமும், கூரைக்கு வேண்டிய மரமும் எங்களுக்கு ஒதுக்கினார்கள். மரம் அப்போது தங்கம் மாதிரி. அதனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். புனித மார்ட்டின் நாளுக்குள், அதாவது நவம்பர் பதினொன்றுக்குள், நான்கு சுவரும் கூரை மட்டத்துக்கு எழும்பியிருக்க வேண்டும். எழும்பாவிட்டால் மரம் பட்டியலில் அடுத்த ஜோடிக்குப் போய்விடும். நாங்கள் மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

செங்கல்லுக்குக் காசு தேவைப்படவில்லை. டூட்டிங்கெம் நகரத்தில் குண்டு விழுந்து இடிந்த தெருக்களிலிருந்து, சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளும் அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். கோடை முழுக்க அக்கம்பக்கத்து ஆட்கள் சாயங்காலமானால் ஆளுக்கொரு சின்னச் சுத்தியலோடு வந்து எங்கள் கல்குவியலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்து, கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும். இப்படிப் பன்னிரண்டாயிரம் கல் சேர்ந்தது. சரியாக நான்கு சுவருக்குப் போதும், ஒரு கோழிக்கூட்டுக்குக்கூட மிஞ்சாது. அப்படிக் கொத்திய கல்லைக் கலவையில் பதித்துவிட்டு மறுபடி பிடுங்கினால் மூன்றில் ஒன்று உடைந்துபோகும். இது எல்லாருக்கும் தெரியும்.

கிராடுஸ் கொத்தனார். என் அண்ணன் வெஸ்ஸலும் கொத்தனார், ஆனால் வேறு ஒப்பந்தக்காரரிடம். கிராடுஸ் நகரத்தில் வீட்டு முகப்புகளும் பள்ளிக்கூடங்களும் கட்டியவன். வெஸ்ஸல் கட்டியதெல்லாம் ஆலைகளும் தானியக் கொட்டில்களும். இருவரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாமல் ஒரு கோப்பை காப்பி குடித்ததில்லை. ஆனால் அதுவரை ஒரே சுவரில் சேர்ந்து வேலை செய்ததுமில்லை.

இங்கே கொஞ்சம் செங்கல் பேச வேண்டும். கல்லை நீளவாட்டில் வைத்தால் அது நீட்டுக்கல். குறுக்கே வைத்து அதன் தலை மட்டும் வெளியே தெரிந்தால் தலைக்கல். ஒரு வரி முழுக்கத் தலைக்கல், அடுத்த வரி முழுக்க நீட்டுக்கல், மறுபடி தலைக்கல் என்று மாறி மாறிப் போவது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஆனால் அதிலும் இரண்டு வகை உண்டு. நீட்டுக்கல் எல்லா வரியிலும் ஒன்றின் நேர் மேலே ஒன்று வந்தால் அது நேர்க்கட்டு. ஒரு நீட்டுவரி விட்டு ஒரு நீட்டுவரி அரைக்கல் நகர்ந்து வந்தால், சுவரில் சிலுவை சிலுவையாகத் தெரியும். அது சிலுவைக்கட்டு. முதல் மூன்று வரியில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. நான்காவது வரியில்தான் தெரியும்.

கிராடுஸுக்குச் சுவர் என்றால் சிலுவைக்கட்டுதான். வெஸ்ஸலுக்குச் சுவர் என்றால் நேர்க்கட்டுதான். சுவரை எப்படிக் கட்டுவது என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ஒரு கொத்தனாரிடம் போய் அதைக் கேட்பது, நடக்கத் தெரியுமா என்று கேட்பது மாதிரி.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. சாலையைப் பார்த்த பக்கச் சுவர்தான் முதலில். கதவு, ஜன்னல் எதுவும் இல்லாத வெறும் சுவர், எட்டு மீட்டர் நீளம். இடது மூலையில் கிராடுஸ், வலது மூலையில் வெஸ்ஸல், நடுவில் இழுத்துக் கட்டிய கயிறு. இரண்டு பக்கத்திலிருந்தும் கல் வைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள். பிறகு கயிறு ஒரு வரி மேலே ஏறும். முதலில் நடுவுக்கு வருபவன் "கயிறு!" என்று கத்துவான்.

"கயிறு! என்ன மச்சான், தூங்கிட்டியா?" வெஸ்ஸலின் குரல் தேவாலயம் வரை கேட்டிருக்கும்.

"நான் வீடு கட்டுறேன் மச்சான். நீ மாட்டுக்கொட்டில் கட்டுற. அதான் உனக்குச் சீக்கிரம் முடியுது."

"மாடு குறை சொல்லி இதுவரைக்கும் ஒரு கடுதாசி வந்ததில்ல."

"எழுதத் தெரிஞ்சா எழுதியிருக்கும்!"

பக்கத்து வீட்டுப் பெரெண்ட் வாசிங்க் கல் சுமந்தார். நான் கல்குவியலுக்கும் காப்பிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். வெயில் இதமாக இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வரி வரைக்கும்.

நான்காவது வரியில் இருவரும் நடுவில் சந்தித்தபோது யாரும் "கயிறு" என்று கத்தவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் ஒரு இடைவெளி. முழு நீட்டுக்கல் அதில் புகாது, பாதிதான் புகும். கிராடுஸ் அதைப் பார்த்தான். வெஸ்ஸல் அதைப் பார்த்தான். பிறகு இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். கிராடுஸ் ஒரு கல்லை எடுத்து, குறுக்கே திருப்பி, தலைக்கல்லாக உள்ளே செருகினான். வெஸ்ஸல் வழிந்த கலவையைக் கரணையால் மெதுவாக வழித்து எடுத்தான்.

"சரியா உக்காந்துடுச்சு" என்றான் கிராடுஸ்.

"ஆமா, சரியாத்தான் உக்காந்திருக்கு" என்றான் வெஸ்ஸல்.

காலையிலிருந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஞானஸ்நான வீட்டு விருந்தாளிகள் மாதிரி மரியாதையாகப் பேசியதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. எட்டாவது வரியிலும் அதே மௌனம், அதே தலைக்கல். பன்னிரண்டிலும் அப்படியே. பதினாறாவது வரியோடு அன்றைய வேலை முடிந்தது. சுவர் என் இடுப்புக்கு மேல் நின்றது. எங்கள் பக்கத்தில் அடுத்தவன் வேலையைப் பார்த்து "மோசமில்லை" என்று சொன்னால் அதுதான் பெரிய பாராட்டு. பெரெண்ட் அன்று அதைக்கூடச் சொல்லவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, "பசிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் ஞாயிறன்று யாரும் கரணையையோ ஊசியையோ தொட மாட்டோம். தேவாலயத்துக்குப் போகிற வழி எங்கள் சுவரை ஒட்டித்தான். ஊரே கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு அந்த வழியாக நடந்தது. எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழை வராது போல" என்றார்கள். "குளிரும் இல்ல" என்றார்கள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அப்போதுதான் அதைத் தூரத்திலிருந்து முதல்தடவை பார்த்தேன். சாலையின் மறுபக்கம் நின்று, தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டே. இடது பாதி முழுக்கச் சிலுவைகள். வலது பாதி கோடு போட்ட மாதிரி நேராக. இரண்டுக்கும் நடுவில், கீழிருந்து மேலே, நான்கு தலைக்கல் பொத்தான் வைத்த மாதிரி. யாரோ இரண்டு வேறு துணியை வெட்டி ஒரே சட்டையாகத் தைத்து, நடுவில் பொத்தான் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நடுச்சாலையில்.

"எதுக்குடி சிரிக்கிற?" என்றான் வெஸ்ஸல்.

"உங்க சட்டை நல்லா இருக்கு."

கிராடுஸ் பின்னால் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான். மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். கிராடுஸின் காது சிவந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கும் சிரிப்பு நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டட அதிகாரி டெர்ப்ஸ்ட்ரா முதல் சுவரைப் பார்க்க வருகிறார். அனுமதித் தாளில், சாலையைப் பார்த்த சுவர் முழுக்க ஒரே கட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. போன மாதம் அடுத்த ஊரில் அவர் ஒரு புகைபோக்கியையே இடிக்கச் சொன்னவர்.

இடித்தால் கல் உடையும். உடைந்த கல்லுக்குப் பதில் கல் கிடையாது. வெஸ்ஸலுக்கு விடுப்பு இரண்டு வாரம்தான். நவம்பர் பதினொன்றாம் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. வெளியே வந்ததும் இருவரும் ஆரம்பித்தார்கள்.

"நாலாவது வரியிலயே பார்த்தேன்" என்றான் வெஸ்ஸல்.

"பார்த்தா சொல்ல வேண்டியதுதானே!"

"எப்படிச் சொல்றது? உன் வீடு. என் தங்கச்சியக் கட்டிக்கப் போறவன். நீ ஏதோ பணக்கார வீட்டு வேலைப்பாடு பண்ற, கெடுக்க வேணாம்னு விட்டேன். நீ ஏன் சொல்லல?"

"நீ கூலி வாங்காம வந்து நிக்கிற. உன்கிட்ட போய், மச்சான் நீ தப்பா வைக்கிறன்னு சொல்ல முடியுமா?"

"தப்பா? யாரு தப்பா வச்சது? நேர்க்கட்டு தப்பா?"

"அப்ப சிலுவைக்கட்டு தப்பா?"

"உன் பாதிய இடி. என் பாதி சரியா இருக்கு."

"என் நிலத்துல நின்னுகிட்டு, என் பாதியையே..."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை செங்கல்லத் தொடக் கூடாது. வாயால எறியலாம்னு யாரு சொன்னது?"

சாப்பாட்டு மேஜையில் சூப் ஆறியது. ஒருவன் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தான், ஒருவன் வலது பக்கம். எனக்குப் பயமாக இருந்தது. வீடு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இந்த இரண்டு பேரும் இனி ஒரே மேஜையில் சாப்பிட மாட்டார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

தையல் கடையில் எனக்குப் பழக்கமான ஒரு விஷயம் உண்டு. ஒரு பாவாடைக்குத் துணி போதாமல் வேறு துணியில் ஒரு ஒட்டுப் போட்டால், அது ஒட்டு என்று பளிச்சென்று தெரியும். அதே துணியில் இன்னும் மூன்று ஒட்டை எதிரும் புதிருமாகப் போட்டால், எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள். ஆனால் இதைச் செங்கல்லில் எப்படிக் காட்டுவது? கல்லைத் தொடக் கூடாது. ஊசியையும் தொடக் கூடாது.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து டொமினோ பெட்டியை எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போய் பெரெண்ட் வீட்டுப் பெட்டியையும் வாங்கி வந்தேன். எங்களுடையதன் முதுகு கறுப்பு, அவர்களுடையது பழுப்பு. டொமினோக் காய் செங்கல் மாதிரியேதான், அகலம் நீளத்தில் பாதி.

"இப்ப விளையாட்டா?" என்றாள் அம்மா.

"விளையாடலாம் அம்மா. அதுக்குத் தடையில்ல."

மேஜை மேல் காய்களைக் கவிழ்த்துப் படுக்க வைத்தேன். மேல்கீழாகத் திருப்பி வைத்த காய் தலைக்கல், பக்கவாட்டில் நீட்டி வைத்த காய் நீட்டுக்கல். இடது பக்கம் கறுப்பில் சிலுவை, வலது பக்கம் பழுப்பில் நேர். நடுவில் ஒரு காய். நான் வைத்தது தப்பு என்று கிராடுஸ் ஒரு காயைத் தள்ளினான். அவன் தள்ளியது தப்பு என்று வெஸ்ஸல் இன்னொன்றைத் தள்ளினான். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் மேஜை மேல் குனிந்து கிடந்தார்கள்.

"இப்ப இடம் மாறுங்க" என்றேன்.

"என்ன?"

"எழுந்திரிங்க. நீ அங்க போ. அண்ணா, நீ இங்க வா. அவங்கவங்க வழக்கமான கட்டே வையுங்க. ஆனா மூலையை மாத்திக்கோங்க."

வெஸ்ஸல் இடது பக்கம் வந்து, கறுப்புச் சிலுவைகளுக்கு மேல் தன் பழுப்பு நேர்க்கட்டை வைத்தான். கிராடுஸ் வலது பக்கம் பழுப்புக்கு மேல் சிலுவை வைத்தான். காய் தீர்ந்துபோனது. நான்கு கட்டம் வந்திருந்தது, ஒட்டுப்போர்வை மாதிரி. நடுவில் நின்ற தலைக்கல் இப்போது பொத்தான் மாதிரித் தெரியவில்லை, நான்கு துண்டையும் பிடித்து நிறுத்தும் தையல் மாதிரித் தெரிந்தது.

முதலில் அம்மாதான் எட்டிப் பார்த்தாள்.

"மோசமில்ல" என்றாள்.

"பதினாறு வரிக்கு ஒரு தடவை மாறணும்" என்றான் கிராடுஸ் மெதுவாக. "மேல கூரை முக்கோணம் வரைக்கும்."

"அப்ப நாளைக்கு நான் உன் மூலையில நிக்கணுமா?"

"ஆமா."

"அங்க சேறு ஜாஸ்தி."

"அதான் தர்றேன்."

வெஸ்ஸல் சிரித்தான். கிராடுஸ் வெஸ்ஸலின் சூப்பை எடுத்துக் குடித்துவிட்டான், ஆறிப்போனது தெரியாமல்.

ஆனால் டெர்ப்ஸ்ட்ரா வரும்போது மேலே எட்டு வரியாவது நின்றால்தான் இது வேண்டுமென்றே செய்தது என்று கண்ணுக்குத் தெரியும். வெறும் பதினாறு வரியைக் காட்டினால் அது வெறும் தப்பு. திங்கள்கிழமை பொழுது விடியும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் போனபோது, கல்குவியலுக்குப் பக்கத்தில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பெரெண்ட் ஏற்கெனவே கலவை குழைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையே பார்த்தேன்" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?" என்று நான் கத்தினேன்.

"நீங்க யாரும் கேக்கல."

அப்படி ஒரு காலையை நான் பிறகு பார்த்ததில்லை. கல் கையிலிருந்து கைக்குப் பறந்தது. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் வாளி தூக்கினார். வெஸ்ஸல் கிராடுஸின் மூலையில் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் கிராடுஸைத் திட்டினான். கிராடுஸ் வெஸ்ஸலின் மூலையைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, "அட, நேராத்தான் இருக்கு. யாரு வச்சுக் கொடுத்தாங்க?" என்றான். "கயிறு!" "கயிறு!" என்று மாறி மாறிச் சத்தம். இருபதாவது வரியில் நடுவில் இடைவெளி வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு தலைக்கல்லை நீட்ட, ஒருவர் கல்லோடு ஒருவர் கல் மோதியது; பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

இருபத்து நான்காவது வரியில் கடைசிக் கல்லை வைத்தபோது டெர்ப்ஸ்ட்ரா சைக்கிளிலிருந்து இறங்கினார்.

ஒல்லியான மனிதர், வடக்கே ஃப்ரீஸ்லாந்து பக்கத்திலிருந்து வந்தவர். பையிலிருந்து தாளை எடுத்தார். சுவரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சாலையின் மறுபக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து ரசமட்டம் வைத்தார், தூக்குக்குண்டு விட்டார். பிறகு இணைப்பு இணைப்பாக விரலை வைத்துக்கொண்டே சுவரின் நடுவில் கீழே உட்கார்ந்து மேலே எழுந்தார். நாங்கள் பதினான்கு பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

"இது என்ன கட்டு?"

கிராடுஸ் கரணையைத் துடைத்தான். வெஸ்ஸல் தன் செருப்பைப் பார்த்தான். பொய் சொல்லலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த ஆள் விரல் வைத்துப் பார்த்த விதம், பொய் சொன்னால் செல்லாது என்று சொன்னது.

"சார், இவர் சிலுவைக்கட்டு வைக்கிறவர். இவர் என் அண்ணன், நேர்க்கட்டு வைக்கிறவர். சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கல. நாலாவது வரியில தெரிஞ்சப்புறம், மரியாதைக்காக ரெண்டு பேரும் சொல்லல. பதினாறு வரி வந்துடுச்சு. அதனால இன்னிக்குப் பக்கம் மாத்திட்டோம். இனி பதினாறு வரிக்கு ஒரு தடவை மாறும்."

"மரியாதைக்காக" என்றார் டெர்ப்ஸ்ட்ரா.

"ஆமா சார்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"எங்க ஊரா இருந்தா முதல் வரியிலயே அடிச்சுக்கிட்டிருப்பாங்க" என்றார். "இங்க பாருங்கம்மா. இணைப்புக்கு நேர் மேல இணைப்பு வந்தா நான் இடிக்கச் சொல்லணும். வரல. அசிங்கமா இருந்தா இடிக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் தாளைத் தட்டினார்.

"ஆனா இதுல ஒரே கட்டுன்னு எழுதியிருக்கு."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"பதினாறு வரிக்கு ஒரு தடவை மாறும்னு சொன்னீங்க. உச்சி வரைக்கும் மாறுமா?"

"மாறும்" என்றான் கிராடுஸ்.

"ஒரு வரி முன்ன பின்ன இல்லாம?"

"இல்லாம" என்றான் வெஸ்ஸல்.

"அப்படின்னா கீழேருந்து மேல வரைக்கும் ஒரே விதிதான். ஒரே விதின்னா என் கணக்குல ஒரே கட்டு." குனிந்து ஏதோ எழுதினார். "பதினேழு வரிக்கு மாறினாலோ, பதினஞ்சுக்கு மாறினாலோ, நானே வந்து என் கையால இடிப்பேன். காப்பி இருக்கா?"

காப்பி இருந்தது. திராட்சை ரொட்டியும் இருந்தது. அவர் மூன்று துண்டு சாப்பிட்டார். கிளம்பும்போது சாலையின் மறுபக்கம் இன்னொரு தடவை நின்று பார்த்துவிட்டு, "வலது மேல் கட்டம்தான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். வலது மேல் கட்டம் கிராடுஸுடையது. அதை வெஸ்ஸல் நாற்பது வருடம் மறுத்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சுவர் எப்படி ஏறியது என்று கேட்டால், எண்ணிக்கொண்டே ஏறியது. முப்பத்திரண்டாவது வரியில் இரண்டு பேரும் சாரத்தின் மேலேயே ஒருவரை ஒருவர் தாண்டி மூலை மாறினார்கள், நடனக்காரர்கள் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மற்ற மூன்று சுவரைக் கிராடுஸின் கூட்டாளிகள் கட்டிக் கொடுத்தார்கள். அதில் முதல் கல் வைப்பதற்கு முன் ஒவ்வொருவனும் சத்தமாகக் கேட்டான்: "என்ன கட்டு?" ஊரில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. ரொட்டிக்கடையில் ரொட்டி வாங்கினாலும் "என்ன கட்டு?" என்று கேட்டார்கள்.

நவம்பர் ஆறாம் தேதி சுவர்கள் கூரை மட்டத்துக்கு வந்தன. டெர்ப்ஸ்ட்ரா வந்து, முதலில் வரிகளை எண்ணிவிட்டு, பிறகு மரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் உச்சிக் கட்டை ஏறியது. எங்கள் பக்கத்தில் உச்சி ஏறினால் வீட்டுக்காரர் பீர் தர வேண்டும். தந்தால் தச்சர்கள் மேலே கொடி கட்டுவார்கள். தராவிட்டால் ஊரறியத் துடைப்பத்தைக் கட்டிவிடுவார்கள். வெஸ்ஸல் காலையிலிருந்தே ஒரு துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"பீர் தண்ணியா இருந்தா கட்டிடுவேன்டி, பார்த்துக்கோ."

பீர் தண்ணியாகத்தான் இருந்தது. மூன்று வருடமாக எல்லாருடைய பீரும் அப்படித்தான். ஆனால் கொடிதான் ஏறியது. துடைப்பத்தைக் கல்யாணப் பரிசாக எனக்குக் கொடுத்தான், கைப்பிடியில் நீல நாடா கட்டி.

பத்தொன்பதாம் தேதி எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. சாயங்காலம் புது வீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, என் படுக்கை விரிப்புகள்தான் தொங்கின. மஞ்சளாகிப்போன விரிப்புகள் விளக்கு வெளிச்சத்தில் வெண்ணெய் மாதிரி அழகாக இருந்தன. கிராடுஸும் வெஸ்ஸலும் வெளியே குளிரில் நின்று, தீக்குச்சி கிழித்துக் கிழித்துச் சுவரைப் பார்த்து, எந்தக் கட்டம் நல்ல கட்டம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் அவர்கள் வரவில்லை. மூன்றாவது தடவை நான் போனேன், போனவள் நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். எழுபதுகளில் ஒரு பூச்சு வேலைக்காரர் வந்து, மலிவாக முழுச் சுவரையும் வெள்ளைப் பூச்சில் மறைத்துத் தருவதாகச் சொன்னார். வெஸ்ஸலும் அப்போது வந்திருந்தான். அவனும் கிராடுஸும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். ஒரே குரலில் அவர்கள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து ஜன்னல் வழியாகச் சாலை தெரியும், சுவர் தெரியாது. எங்கள் வீட்டைத் தாண்டினால் சாலை லேசாக இறங்கும். சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இறக்கத்துக்காக இங்கேயே வேகம் பிடிப்பதுதான் வழக்கம். ஆனால் இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் எங்கள் சுவருக்கு நேரே வந்ததும், இன்றைக்கும், பெடலை மிதிப்பதை நிறுத்தி, தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.